தேய்ந்த வாளியும் எழுதாத நற்சான்றும்

மலர்க்குழுவினர் எம்மிடம் கட்டுரையொன்று வேண்டிக் கடிதம் விடுத்தபோது, எதனைப் பற்றி எழுதுவதென்று யாம் பல நாள் எண்ணினோம். எம் கல்லூரியின் பழைய மாணவருள் நீதிபதிகளும் மருத்துவர்களும் பேராசிரியர்களும் பலர் உளர். அவர்கள் எழுதுதற்குப் பெரும் பொருள்கள் உண்டு. யாமோ வாழ்நாளின் பெரும்பகுதியை மலைச்சரிவுகளிற் சேற்றின் நடுவே, மண் அகழும் பொறிகளோடு கழித்தோம். ஆதலால் எமக்குத் தெரிந்த பொருளையே ஈண்டு எழுதத் துணிந்தோம். தேய்ந்துபோன அகழ்பொறி வாளியொன்றை, அது வேலை செய்யும் இடத்திலேயே வைத்து, வெல்டிங் என்று வழங்கும் காய்ச்சியிணைத்தல் முறையாற் செப்பனிடும் விதமே அப்பொருள். இது சுவையற்றதென்று இளைஞர் ஒதுக்கிவிடல் வேண்டா. இதனுள் எம் பிழையொன்று அடங்கியிருக்கின்றது. நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக அதனை யாம் வெளியிற் சொன்னதில்லை.

யாம் பிறந்த ஊர் மஸ்கெலியா. இன்று அப்பெயரால் வழங்கும் பட்டினமன்று. அதற்கு முன்னிருந்த பழைய மஸ்கெலியா. மலைநாட்டு ஆறுகளின் வீழ்ச்சியிலிருந்து மின்சாரம் பெறலாமெனப் பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திரா 1918ஆம் ஆண்டிலேயே ஆய்வுரை படைத்தார். அவர் கண்ட கனவின் முதற்பயனாக லக்ஷபான மின்னிலையம் 1950இல் இயங்கத் தொடங்கிற்று. பின்னர் 1960ஆம் ஆண்டுகளிற் காசல்ரீ, மவுசாகலை ஆகிய நீர்த்தேக்கங்கள் எழுந்தன. மஸ்கெலி ஓயாவை மறித்த மவுசாகலை அணையின் நீர் ஏறவே, பழைய பட்டினம் அதனுள் அடங்கிற்று. எம் தந்தையார் சிறு கடையொன்று வைத்திருந்ததும் அங்கேதான். கல்லூரி விடுதியிலிருந்து விடுமுறைக்கு வந்த யாம், கடை மேட்டுநிலத்துப் புதிய பட்டினத்துக்கு மாறியிருக்கக் கண்டு திகைத்தோம். இன்றும் கடும் வரட்சியால் நீர் வற்றும் காலங்களில், பழைய கோயிலும் விகாரையும் பள்ளிவாசலும் சிதைந்த உருவோடு வெளிப்படுகின்றன. ஊரார் திரண்டு சென்று பார்க்கின்றனர்.

அணைக்கு மண்ணும் கல்லும் அள்ளிய பெரும்பொறிகளைச் சிறுவராய் நின்று கண்ட வியப்பே எம்மைப் பொறித்தொழிலுக்கு ஈர்த்தது. கல்லூரியில் எமக்குப் பௌதிகம் கற்பித்த ஆசிரியர், செய்முறை வகுப்பில் விடையை ஏட்டிலிருந்து பார்த்தெழுதும் மாணவரை நோக்கி, “ஏடு சொல்வதைப் பொருளும் சொல்கின்றதா என்று கேட்டுப் பார்த்தாயோ?” என்பார். யாம் அதனை நகைச்சுவையென்று கொண்டு நகைத்தோம். அச்சொல்லின் பொருள் விளங்குதற்கு எமக்கு ஓர் அகழ்பொறி வாளி வேண்டியிருந்தது.

1981ஆம் ஆண்டு, தொழில்நுட்பப் படிப்பை முடித்து வந்த யாம், தெருவெட்டும் ஒப்பந்தகாரர் ஒருவரிடம் மேற்பார்வையாளராய்ச் சேர்ந்தோம். மஸ்கெலியாவுக்கும் சாமிமலைக்கும் இடைப்பட்ட தோட்டப்பகுதியிற் பாதை அகலப்படுத்தும் வேலை. எம்மிடம் இருந்தது ஒரேயோர் அகழ்பொறி. அதனை ஊரார் பெக்கோ என்பர்.

வாளியின் அமைப்பை முதலிற் சொல்லிவிடுவோம். அதன் முன்விளிம்பை உதடு என்பர். தடித்த, கடினமான கலப்புருக்காலானது அது. உதட்டின்மேற் பற்பிடிகள் காய்ச்சியிணைக்கப்பட்டிருக்கும். அப்பற்பிடிகளிற் பற்கள் செருகப்பட்டு ஆணியாற் பூட்டப்பட்டிருக்கும். பல் தேய்ந்தால் ஆணியைத் தட்டிக் கழற்றிப் புதியதை மாட்டிவிடலாம். பற்பிடியோ உதடோ கெட்டால் வெல்டிங்கையன்றி வேறு வழியில்லை. எம் மலைகளின் பாறைகளிற் குவார்ட்சு என்னும் படிகக்கல் கலந்து கிடக்கின்றது. அது சாதாரண உருக்கைக் கீறவல்லது. அப்பாறை உக்கிய மண்ணை நாள்தோறும் அள்ளும் வாளி, அரத்தால் உரைசப்படுவது போலத் தேய்ந்துகொண்டேயிருக்கும். பல் தேய்ந்து மொண்ணையாய் நின்றும் மாற்றாதுவிட்டால், தேய்வு பற்பிடிக்கும் உதட்டுக்கும் ஏறும். ஆணி விலையில் முடியவேண்டிய செலவு வாளி விலைக்கு வளரும்.

எம் வேலைத்தளத்தில் வெல்டிங் வேலை பார்த்தவர் ஐம்பது வயதை அணுகிய ஒருவர். எல்லோரும் அவரை ‘பாஸ்’ என்றழைப்பர். யாம் பாஸ் அண்ணன் என்போம். தோட்டத்து லயத்திற் பிறந்தவர். தோட்டப் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவர். மவுசாகலை அணை வேலையிற் கூலியாளாய்ச் சேர்ந்து, அங்கிருந்த வெல்டிங்காரருக்குக் குச்சி எடுத்துக்கொடுத்துக் கொடுத்தே தொழிலைக் கற்றவர். அவரிடம் சான்றிதழ் ஒன்றேனும் இல்லை. எம்மிடமோ புத்தம்புதிய சான்றிதழ் இருந்தது.

ஆனி மாதத்துத் திங்கட்கிழமை மாலை, தென்மேல் பருவமழை விடாது பெய்துகொண்டிருந்த வேளை, வாளியின் நடுப்பற்பிடி பெயர்ந்து விழுந்தது. பாஸ் அண்ணன் வாளியைத் தடவிப் பார்த்துவிட்டு, “இன்னைக்கு வேணாம் சேர். குச்சியெல்லாம் நமுத்துக் கெடக்கு. ஒதடும் ஐஸா இருக்கு. காலையில நெருப்பு மூட்டிக் காயவச்சு ஒட்டுவோம்” என்றார். மறுநாட்காலை வேலை நின்றால் ஒப்பந்தகாரர் எம்மைக் கடிவார் என்ற அச்சம் எமக்கு. குச்சிப் பெட்டியில் 7018 என்று அச்சிட்டிருந்தது. அதன் முதல் இரு இலக்கங்கள், சதுர அங்குலத்துக்கு 70,000 இறாத்தல் இழுவையைத் தாங்கும் என்பதைக் குறிப்பன. யாம் அதனை அவருக்குச் சுட்டிக்காட்டி, “இத்தனை வலியுள்ள குச்சிக்கு நெருப்பு எதற்கு? இப்பொழுதே ஒட்டுங்கள்” என்று பணித்தோம். அவர் ஒன்றும் பேசாது முகமூடியை இறக்கிக்கொண்டார்.

அந்த இலக்கத்தின் மறுபாதியை யாம் படித்தும் மறந்துவிட்டோம். 18 என்பது அக்குச்சியின் மேற்பூச்சு ஐதரசன் குறைந்த வகையினதென்பதைக் குறிக்கும். உலர்ந்திருக்கும்வரையே அக்குணம் நிற்கும். பூச்சிலே படிந்த ஈரம் மின்வில்லின் வெப்பத்தாற் பிரிய, அதிலுள்ள ஐதரசன் உருகிய உலோகத்துட் புகும். தடித்த குளிர்ந்த உதடோ சூட்டை விரைவில் இழுத்துவிடும். அதனால் இணைப்பை அடுத்த பகுதி கடினமாகி, நொறுங்கும் இயல்பை அடையும். இணைப்புச் சுருங்கும் இழுவையும் இவற்றோடு சேர, உள்ளே மயிரிழைபோல் வெடிப்புத் தோன்றும். இதில் வஞ்சகம் யாதெனின், இவ்வெடிப்பு உடனே தோன்றுவதில்லை. பல மணி நேரங் கழித்தும், சிலபோது இரண்டு நாட் கழித்தும் அது தலைகாட்டும்.

செவ்வாய்க்கிழமை முழுவதும் பொறி செவ்வனே வேலைசெய்தது. யாம் பாஸ் அண்ணனைக் கண்டபோதெல்லாம் வெற்றிப்பார்வை பார்த்தோம். அன்றிரவு பெருமழை. புதன் விடியலில் மேற்சரிவு பெயர்ந்து பாதையை மூடியது. அப்பாலிருந்த லயங்களுக்கு வேறு வழியில்லை. அகழ்பொறியைக் கொண்டுசென்று மண்ணை அள்ளத் தொடங்கினோம். நண்பகலளவில், கல்லொன்றைப் புரட்டும்போது படீரென்று ஓசை எழுந்தது. பற்பிடி தனியே விழவில்லை. உதட்டில் ஒரு துண்டத்தையும் பெயர்த்துக்கொண்டு விழுந்தது. பொறி நின்றது.

அன்று மாலை, லயத்துக் குழந்தையொன்று கடுங்காய்ச்சலாற் கிடந்ததென்று, நால்வர் அதனைக் கம்பளியிற் கிடத்தி, முழங்காலளவு சேற்றில் அந்தச் சரிவைக் கடந்து தூக்கிவந்தனர். மேலே மண் இன்னும் பொலபொலவென்று உதிர்ந்துகொண்டிருந்தது. அவர்கள் எம்மைக் கடந்து செல்லும்போது யாம் நின்ற பொறியின் அருகே கைகட்டி நின்றோம். குழந்தை பிழைத்தது, தூக்கிவந்தோருக்கும் ஊறில்லை. அது எம் திறமையால் அன்று. 2014ஆம் ஆண்டு ஒக்டோபர் 29ஆம் நாள் கொஸ்லாந்தை மீரியபெத்தையில் லயங்களை மண் விழுங்கிய செய்தியைக் கேட்டபோது, எம் நினைவுக்கு முதலில் வந்தது அந்த நால்வரின் நடையே.

அன்றிரவு ஒப்பந்தகாரர் வந்து, “எதனால் உடைந்தது?” என்று வினவினார். யாம், “வெல்டிங் சரியில்லை” என்றோம். சொல்லளவில் அது மெய். ஆயினும் அதனிற் பெரிய பொய்யை யாம் வாழ்நாளிற் சொன்னதில்லை. பாஸ் அண்ணன் அருகே நின்றார். எம்மை ஒருமுறை பார்த்தார். வாய் திறக்கவில்லை. அவருடைய அரைமாதச் சம்பளம் வெட்டப்பட்டது. யாம் அப்பொழுதும் பேசவில்லை.

அதன்பின் அவர் அந்த வாளியைச் செப்பனிட்ட விதத்தை யாம் இன்றுவரை மறந்திலம். இளைஞர் இதனை ஊன்றிப் படிப்பாராக. முதலில் வாளியை நிலத்திலே பதித்து, அடியிற் சிலிப்பர்க் கட்டைகளை அடைகொடுத்து அசையாது நிறுத்தினார். நான்கு தகரங்களை நட்டு மழைக்கு மறைப்புக் கட்டினார். வெல்டிங் பொறியின் நிலக்கம்பியை வாளியிலேயே, இணைப்புக்கு அருகே கவ்வச் செய்தார். தொலைவிற் கவ்வினால் மின்னோட்டம் மூட்டாணிகளின் வழியே பாய்ந்து அவற்றைப் பொரித்துவிடும் என்றார். பின் வெடிப்பின் முனையைத் தேடினார். முனைக்கு அப்பால் ஒரு துளையிட்டு, அது மேலும் ஓடாது தடுத்தார். வெடித்த உலோகம் முழுவதையும், நல்ல உலோகம் தோன்றும்வரை அரைத்து நீக்கினார். “புண்ண மூடி மருந்து போடக்கூடாது சேர்” என்பது அவர் சொல்.

உடைந்த துண்டத்துக்கு ஈடாக உருக்குத் தேவைப்பட்டது. அணைகட்டிய காலத்துப் பழைய பெரும்பொறியொன்றின் வாளி ஓரமாய்க் கிடந்தது. அதிலிருந்து வெட்டலாமென்றோம். அவர் தம் பையிலிருந்த காந்தத்தை எடுத்து அதன்மேல் வைத்தார், காந்தம் பற்றவில்லை. “இது வேற சாதி இரும்பு. இதுக்குச் சூடு ஆகாது. நம்ம ஒதட்டுக்குச் சூடுதான் உசிரு” என்றார். அது மங்கனீசு உருக்கு. 1882இல் இங்கிலாந்தின் செபீல்டு நகரத்து ரொபேர்ட் ஹாட்பீல்டு கண்டுபிடித்தது. நூற்றுக்குப் பன்னிரண்டு பங்கையொட்டி மங்கனீசு கலந்தது. அடிபட அடிபட மேற்பரப்பிற் கடினமாகும் அவ்வுருக்கு, மிகுந்த சூடு ஏறினால் நொறுங்கும் இயல்பை அடையும். ஆதலால் அதனை இயன்றவரை குளிர்ச்சியாக வைத்தே ஒட்டவேண்டும். கலப்புருக்கு உதட்டையோ முன்கூட்டிச் சூடாக்கியே ஒட்டவேண்டும். ஒன்றுக்கு மருந்தாவது மற்றொன்றுக்கு நஞ்சு. ஹாட்பீல்டின் பெயரை யாம் பரீட்சையில் எழுதிப் புள்ளி பெற்றிருந்தோம். அவ்வுருக்கை இனங்கண்டவர் அவர்.

காந்தம் பற்றிய பிறிதோர் உதட்டிலிருந்து துண்டம் வெட்டினோம். தேயிலை மிளாறைக் குவித்து வாளியின் அடியில் நெருப்பு மூட்டி, இரண்டு மணி நேரம் உதட்டை மெல்லச் சூடாக்கினார். ஒட்டுமிடத்துக்கு விலகிய பாகத்தில் நீர்த்துளி தெளித்துப் பார்த்தார். துளி படிந்து கொதித்தபோது, இன்னும் வேண்டுமென்றார். அது முத்தாய்த் திரண்டு உருண்டோடியபோது, போதுமென்றார். ஏறக்குறைய 200 பாகை சென்ரிகிறேட் என்று ஏடு கூறும் வெப்பம் அது. புதிதாய் உடைத்த பெட்டியின் குச்சிகளையே எடுத்தார். அவற்றையும் மூடிய இரும்புப் பெட்டியில் இட்டுத் தணலருகே வைத்து, வேண்டும்போது ஒவ்வொன்றாய் உருவினார். பற்பிடியின் மூலைகளில் இணைப்பைத் தொடங்கவோ முடிக்கவோ இல்லை; மூலைதான் வெடிப்புப் பிறக்கும் வீடு என்றார். ஒவ்வோர் அடுக்குக்குப் பின்னும் கசடைத் தட்டிக் கம்பித்தூரிகையால் துடைத்தார். முடிந்தபின் காய்ந்த மணலால் மூடி, விடியும்வரை ஆறவிட்டார்.

மறுநாள், தேய்வைத் தாங்கும் குச்சியால் வாளியின் மேற்பரப்பிற் கோடுகள் இட்டார். கல் உருளும் இடத்தில், அது ஓடும் போக்கிலேயே கோடிட வேண்டும். அப்பொழுது கல் அக்கோடுகளின்மேல் வழுக்கிச் செல்லும். மணலோ மண்ணோ எனின் குறுக்கே இடவேண்டும். கோடுகளின் இடையே மண் அடைந்து, அம்மண்ணே வாளிக்குக் கவசமாகும். இரண்டும் கலந்த நிலத்துக்குச் சதுரக்கட்டமாய் இடுவர். எம் மலைக்கு அவர் கட்டமே இட்டார்.

பாதை திறந்தது. அவ்விணைப்பு யாம் அவ்வேலையை விட்டு நீங்கும்வரை பெயரவில்லை.

மலையகத்தாரின் துயரை இம்மலரின் வாசகர் அறிவர். 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றோராக்கப்பட்ட அவர்களுள் 525,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவதென 1964இற் சிறிமாவோ–சாஸ்திரி உடன்படிக்கை முடிவுசெய்தது. பாஸ் அண்ணனின் குடும்பமும் அத்தொகையுள் ஒன்று. 1982இன் தொடக்கத்தில் அவருக்குப் பயண நாள் வந்தது. புறப்படுதற்கு ஒரு வாரம் முன் எம்மிடம் வந்து, “சேர், அங்க போய் வேலை கேக்கணும். எனக்கு வெல்டிங் தெரியும்னு ஒரு கடுதாசி எழுதிக் குடுங்க” என்றார். அரைமாதச் சம்பளத்தை அவர் கேட்கவில்லை. ஒப்பந்தகாரரிடம் யாம் சென்று கேட்டோம். “வாளியை உடைத்தவனுக்கா நற்சான்று?” என்றார் அவர். அப்பொழுதேனும், உடைத்தவர் யாமென்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. “பிறகு அனுப்புகின்றோம்” என்று அண்ணனுக்கு மறுமொழி கூறினோம். அட்டன் நிலையத்திற் கோச்சி புறப்படும்போது அவர் கைகூப்பினார். அன்று ஓடிய தலைமன்னார்க் கப்பலேறி அவர் போய்விட்டார். முகவரியையும் யாம் கேட்டு வைத்தோமில்லை.

பல்லாண்டுகளின் பின், நீலகிரிப் பக்கத்தே உறவினரைக் காணச் சென்று மீண்ட ஊரவர் ஒருவர், அவர் கூடலூரருகே தேயிலைத் தோட்டமொன்றிற் கவ்வாத்து வெட்டும் வேலை செய்து காலமானார் என்று கூறினார். “வெல்டிங் வேலை கிடைக்கவில்லையோ?” என்றோம். “கையிலே காகிதமில்லாதவனை யார் நம்புவர்?” என்றார் வந்தவர். அன்றிரவு யாம் உறங்கவில்லை.

எம் கல்லூரி எமக்குக் கல்வி தந்தது. அக்கல்வி எம்மை மேற்பார்வையாளராக்கிற்று. ஆயினும் மேற்பார்க்கும் இடத்தில் நிற்பவனுக்குக் கீழே நிற்பவரின் அறிவைக் காணும் கண்ணும், அதனை எழுதிக்கொடுக்கும் நேர்மையும் வேண்டும். இல்லையேல் அவன் பெற்ற சான்றிதழ், ஈரங்கோத்த குச்சியின் பெட்டியில் அச்சிட்ட இலக்கமேயாம். இன்று இலங்கையில் தேசிய தொழிற்றகைமை முறையின்கீழ், பள்ளியிற் படியாது அனுபவத்தாற் கைவந்த திறனையும் சோதித்துச் சான்றளிக்கும் வழி உண்டு. தொழிலகங்களையும் தோட்டங்களையும் நடத்தும் பழைய மாணவர்கள், தம்மிடம் வேலைசெய்யும் கைவல்லாரை அவ்வழிக்கு அழைத்துச் செல்லுமாறு வேண்டுகின்றோம். மாணவர்களுக்கோ ஒரு சொல்: உங்கள் பிழையால் ஒன்று உடைந்தால், அன்றே சொல்லிவிடுங்கள். சொல்லாது விட்டது நீருள் அடங்கிய ஊர்போல மறைந்துவிட்டதென்று எண்ணவேண்டா.

நாற்பது ஆண்டுகட்கு மேலாக எழுதாதிருந்த காகிதத்தை இம்மலரிலே எழுத ஆசிரியர் இடந்தருவாராக:

‘1981ஆம் ஆண்டு எம் மேற்பார்வையில் மஸ்கெலியாவில் வேலைபார்த்த வெல்டிங்காரர் தம் தொழிலிற் சிறந்தவர். உருக்கின் வகையறிந்து, வெப்பத்தின் அளவறிந்து வேலைசெய்தவர். அவ்வாண்டு ஆனி மாதம் வாளி உடைந்தது அவர் பிழையாலன்று. அவர் தடுத்தும் கேளாது பணித்த எம் பிழையால். இதனை யாம் முழுப்பொறுப்போடு உறுதிசெய்கின்றோம்.’

இதனைப் பெற்றுக்கொள்ள அவர் இல்லை. அவர் மக்களோ பேரரோ எங்கேனும் இருந்து, எவர் வாயிலாகவேனும் இதனைக் கேட்பாராயின் எம் பாரம் சிறிது குறையும். கல்லூரி அன்னை நீடு வாழ்க.